புழல்ல இருந்து வந்த தம்பியை ட்ரீட்மெண்ட்ல சேர்த்த அனுபவம்

என் தம்பி திருட்டு கேஸ்ல புழல் ஜெயில்ல இருந்தான். திருட வச்சதே மாத்திரைதான். வலிக்குக் குடுக்கிற டேபென்டடால் மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்துற பழக்கம், வட சென்னையில இந்தக் கொடுமையால எத்தனை பசங்க போயிட்டாங்கன்னு எங்க ஏரியா ஆளுங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

ஜெயில்ல மனு போட்டு அவனைப் பாக்கப் போனப்ப ஆள் தெளிஞ்சு கன்னம்லாம் வச்சிருந்தான், அம்மா "விட்டுட்டான்டி"ன்னு அழுதாங்க. எனக்கு நம்பிக்கை வரல. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் மேடத்தைக் கேட்டேன். "வெளிய வந்த மொத ரெண்டு வாரம்தான்மா ரொம்ப டேஞ்சர், உள்ள இருந்ததுல உடம்புக்குத் தாங்குற சக்தி போயிருக்கும், பழைய அளவுல போட்டா மூச்சே நின்னுடும்"னாங்க. அவன் வெளிய வந்ததும் நேரா அந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிடணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா வழக்கமா அவனே சம்மதிச்சு கையெழுத்து போட்டாதான் சேர்ப்பாங்க, 2017 மனநலச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. அதனால உள்ள இருக்கும்போதே பேசிப் பேசி ஒத்துக்க வச்சேன், சுத்தி எல்லாரும் கத்திப் பேசுற அந்த சத்தத்துல "அட்மிட் ஆவியா"ன்னு நான் கத்த, அவன் வெறுமனே தலையாட்டினான். ஜெயில் டாக்டர் குடுத்த மருந்துச் சீட்டையும் வரும்போது வாங்கிட்டு வரச் சொன்னேன், அது ரொம்ப உதவுச்சு.

பெரிய சிக்கல் ஜாமீன்லதான் வந்துச்சு. கண்டிஷன் பெயில், மறு உத்தரவு வர்ற வரைக்கும் தினமும் காலையில பத்தரைக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து. வார்டுல படுத்தா கையெழுத்து எப்படி போடுறது, போடலன்னா ஜாமீனையே ரத்து பண்ணிடலாம். இதுல ஸ்டேஷன் இருக்கிற தெருவுலதான் மாத்திரை விக்கிற பசங்களும் நிப்பாங்க, தினமும் காலையில கையைப் பிடிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போய் கையெழுத்து போட வச்சு அப்படியே பஸ் ஏத்தி ஓபிக்கு கூட்டிட்டுப் போவேன், அவன் கை வேர்த்து ஈரமா இருக்கும், அந்த டீக்கடை தாண்டுற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டான். கடைசியில இலவச சட்ட உதவி வக்கீல் சார்தான் டாக்டர் லெட்டரை வச்சு அதே கோர்ட்ல கண்டிஷனைத் தளர்த்த மனு போட்டாரு, ஆர்டர் வந்த அன்னிக்கே அட்மிட் பண்ணிட்டோம். ஜாமீன் மனு போடுறப்பவே ட்ரீட்மெண்ட் விஷயத்தை வக்கீல்கிட்ட சொல்லிடுங்க, முடிஞ்சா இந்த அலைச்சல் இல்லாமப் போகும். காசு இல்லாதவங்க சட்ட உதவிக்கு 15100, போதை ட்ரீட்மெண்ட் எங்க கிடைக்கும்னு கேக்க 14446.

இப்ப நால்ட்ரெக்ஸோன் மாத்திரை போடுறான், அதைப் போட்டிருக்கிற வரைக்கும் அந்த போதை ஏறாதாம். நடுவுல நிறுத்திட்டு பழையதைத் தொட்டா முன்னைவிட ஆபத்துன்னு மேடம் கண்டிப்பா சொல்லியிருக்காங்க, அதனால அம்மாவே கையில குடுத்து முழுங்குறானான்னு பாத்துட்டுதான் அவனுக்கு காபி தர்றாங்க.