காரங்காட்டில் ஆலா பார்த்த காலை

காரங்காட்டுக்குக் கிளம்பியது அலையாத்திக் காட்டைப் பார்க்கத்தான். ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் வழியில் உள்ள மீனவ ஊர் அது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். ஜனவரிக் காலை, ஏழு மணிக்கெல்லாம் ஏறிவிட்டோம்.

காட்டைத் தாண்டிக் கடல் திறந்ததும், நட்டு வைத்த கம்புகளில் ஆளுக்கொன்றாகப் பறவைகள். "எல்லாம் கடற்காக்காதானே?" என்றார் உடன் வந்த நண்பர். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அதில் ஆலா என்ற வேறு கடற்பறவையும் உண்டு என்று தெரிந்த அப்புறம்தான் அலகைப் பார்க்கப் பழகினேன். மஞ்சள் என்றால் பெரிய கொண்டை ஆலா, ஆரஞ்சு என்றால் சிறிய கொண்டை ஆலா. மிளகாய்ப் பழம்போல் தடித்துச் சிவந்திருந்தால் காஸ்பியன் ஆலா. ஆலாக்களிலேயே பெரியது அதுதான்.

கடற்காகத்தை அடையாளம் காண அலகைப் பார்க்கத் தேவையில்லை. பழுப்புத்தலை கடற்காகம் என்று பெயர், தலையோ வெள்ளை! கண்ணுக்குப் பின்னால் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கறை மட்டும். தலை பழுப்பாகும் இனப்பெருக்கக் காலத்தில் அது லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில் இருக்கும். சுமார் 4,500 மீட்டர் உயரத்திலிருக்கும் மோரிரி ஏரியில்கூடக் கூடு கட்டுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்து, இங்கே இறால் கழிவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துப் படகிலிருந்து யாரோ மிக்சரை வீச, அதற்கும் ஒரு சண்டை. வீசாமல் இருந்திருக்கலாம்.

இதற்குள் என் பைனாகுலரில் உப்புத்தண்ணீர் தெறித்து, சட்டை நுனியால் துடைத்து, இன்னும் மங்கலாக்கி வைத்திருந்தேன். படகோட்டி அண்ணன் வெறும் கண்ணால் தூரத்தைக் காட்டினார். "அந்தா, ஆலா குத்துது பாருங்க."

இருபது முப்பது இருக்கும். அந்தரத்தில் ஒரு கணம் நின்று, தலைகீழாகக் கல் விழுவதுபோல் தண்ணீருக்குள் விழுந்தன. எழும்போது அலகில் வெள்ளியாய் ஒரு மினுக்கல். கடற்காகங்கள் அப்படிக் குதிக்காமல், மேலே சுற்றிக்கொண்டு, மீனோடு எழும் ஆலாவை விரட்டின.

"எந்த ஆலாண்ணே அது?" என்று கேட்டேன்.

"எந்த ஆலாவா இருந்தா என்ன தம்பி, கீழ சூடை மீனு மேஞ்சிட்டு வருது. அடியில பாரை மீனு வெரட்டும், அதான் மேல வருது."

சொல்லிக்கொண்டே இன்ஜினை அணைத்துவிட்டு போனை எடுத்தார். "மச்சான், வலையை எடுத்துக்கிட்டு வா. வெரசா வா!"