புட்டு மாவும் சைக்கிள் ஸ்போக்கும்: கொல்லைப்புற மரங்களோடு ஏழு மாதம்

ஜூன் மாதம் கடைசிக் காயைப் பறித்த அன்றுதான் கவனித்தேன். மாமரத்தின் அடியில், தண்டை ஒட்டி, ஈரப் புட்டு மாவு மாதிரி ஒரு பிடித் தூள். எறும்பு வேலை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டேன். மறுநாள் காலையில் அதே இடத்தில், அதே அளவு. குனிந்து தடவிப் பார்த்தால் முழங்கால் உயரத்தில் பட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. பக்கத்தில் பிசின் வழிந்து காய்ந்திருந்தது.

தண்டுத் துளைப்பான். நீள மீசை வைத்த சாம்பல் நிற வண்டு பட்டையில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். உள்ளே மரத்தைக் குடைந்து தின்பது அதன் புழு. கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் ஒரு கிளை காயும், அப்புறம் மரமே போகும்.

பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றின் நுனியைக் கொக்கியாக வளைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் வெறும் தூள்தான் வந்தது. இரண்டாம் நாள் ஓட்டையின் வாயை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தினேன். சுரங்கம் மேல் நோக்கி வளைந்து போனது. கொக்கியில் ஏதோ மெத்தென்று பட்டது. இழுத்தால் என் நடுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் புழு, வாய் மட்டும் கறுப்பு. ஸ்கூட்டரிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்துப் பஞ்சை நனைத்து ஓட்டையில் அடைத்து, மேலே களிமண் பூசினேன். மூன்று வாரம் தினமும் காபி டம்ளரோடு போய்ப் பார்த்தேன். தூள் வரவில்லை. உத்தியோகத்தில்கூட இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

ஜூலையில் கவாத்து. போன வருஷம் ஒரு கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தேன். பாதியிலேயே அது தன் கனத்தில் முறிந்து, தண்டின் பட்டையை இரண்டடிக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. இந்த வருஷம் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கத்தில் கால்வாசி ஆழம் முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது; கிளை சுத்தமாக விழுந்துவிடும். மிச்சமிருக்கும் குச்சியை, தண்டோடு சேரும் இடத்தில் கழுத்து மாதிரி உப்பியிருக்குமே, அந்த உப்பலுக்கு வெளியே ஒட்டி அறுப்பது மூன்றாவது. உப்பலையும் சேர்த்து வழித்துவிட்டால் காயம் மூடாது.

உச்சியில் புல்லுருவி. வருஷா வருஷம் அதன் இலைகளை மட்டும் கழித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். வருஷா வருஷம் அதுவும் நிம்மதியாகத் துளிர்த்தது. அதன் வேர் கிளைக்குள்ளே இருக்கிறது. இந்த முறை ஒட்டிய இடத்துக்கு ஒரு முழம் கீழே கிளையையே எடுத்துவிட்டேன்.

வெட்டிய இடங்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்க போர்டோ பசை. மயில்துத்தம் 100 கிராம் அரை லிட்டர் தண்ணீரில், சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டரில், தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. பதம் பார்க்க ஒரு பழைய கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தேன். அலகில் செம்புத் துரு மாதிரி படிந்திருந்தது. சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு கத்தி சுத்தமாக வந்தது. சமையலில் உப்புப் பார்ப்பது போலத்தான்.

இதுவரை எல்லாம் கால் தரையில் இருக்கும்போதே, அல்லது நாலு படி ஏணியில், செய்கிற வேலை. வேம்பு அப்படியில்லை.

நாங்கள் இருப்பது கடலூர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது எங்கள் பலா வேரோடு சாய்ந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போனதற்குக் கணக்கே இல்லை. வேம்பு நின்றது, ஆனால் கவட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிளை பிளந்து பொந்தானது. அப்பா அந்தப் பொந்தில் சிமென்ட் வைத்து அடைத்தார், பல்லை அடைப்பது மாதிரி. பிறகு ஐப்பசி வந்தாலே மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டு உச்சியை மொட்டையடிப்பது வீட்டு வழக்கமாயிற்று.

செப்டம்பரில் அந்தச் சிமென்ட்டுக்குக் கீழே பலகை மாதிரி இரண்டு காளான் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே மரம் அழுகுகிறது என்று அர்த்தம். அந்தக் கிளை நேராகப் பக்கத்து வீட்டு அக்காவின் ஓட்டுக் கூரைக்கு மேலே. மரம் வெட்டுகிறவர் வந்து பார்த்தார். "முழுசா எடுத்துடலாம் சார், ஒரு நாள் வேலை" என்றார். மனசு வரவில்லை. விசாரித்து, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஆர்பரிஸ்ட் ஒருவரை வரவழைத்தேன். மர வைத்தியர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவர் கால்மணி நேரம் மரத்தைத் தொடவே இல்லை. சுற்றி வந்தார், தூரில் மண் வெடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அப்புறம் மரச் சுத்தியலால் தண்டைத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். சிமென்ட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சத்தம் மாறி, காலிக் குடத்தைத் தட்டுவது போல் கேட்டது.

"யாருங்க சிமென்ட் வச்சது?"

"அப்பா."

சிரித்தார். காற்றில் மரம் ஆடும், சிமென்ட் ஆடாது. இடுக்கில் தண்ணீர் இறங்கி உள்ளேயே நிற்கும் என்றார். மொட்டையடித்த இடத்திலிருந்து குச்சி குச்சியாக எழுந்திருந்த நீர்ப்போத்துகளைக் காட்டினார். அவை மேல்தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. தடித்து கனமானதும் காற்றில் முதலில் கழன்று விழுவது அவைதான். புயலுக்குப் பயந்து நாங்கள் செய்ததே புயலுக்குத் தோதாகியிருக்கிறது.

என் போர்டோ பசை பற்றியும் கேட்டேன். பூஞ்சைக்குக் கொஞ்சம் தடை, மற்றபடி அழுகலை அது நிறுத்தாது என்றார். மரம் நம் தோல் மாதிரி காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பிக்கொண்டு வெளியே புது மரத்தை வளர்க்கிறது. அமெரிக்காவில் அலெக்ஸ் ஷைகோ என்பவர் சங்கிலி ரம்பத்தால் ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துத்தான் இதை நிலைநாட்டினாராம். நான் பசையை விடப்போவதில்லை. ஆனால் தார் பூசும் யோசனையை விட்டுவிட்டேன்.

கயிறு கட்டி ஏறி, கூரைக்கு மேலிருந்த கிளையை மட்டும் துண்டு துண்டாகக் கயிற்றிலேயே இறக்கினார்கள். உச்சியில் நீர்ப்போத்துகளில் பாதியைக் கழித்தார்கள். மீதி அடுத்த வருஷம். தெருப்பக்கம் மின்கம்பியை உரசிய கிளையை அவர்களும் தொடவில்லை. மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திவிட்டுத்தான் அது. செலவு மரம் வெட்டுகிறவர் கேட்டதைப் போல மூன்று மடங்கு. அம்மா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

போகும்போது மாமரத்தைப் பார்த்து, "இது ஏன் கரண்ட் கம்பம் மாதிரி மண்ணுக்குள்ள போகுது?" என்றார். வீட்டுக்குத் தளம் உயர்த்தியபோது மிஞ்சிய மண்ணை அங்கேதான் கொட்டினோம். தூர் அகன்று வேராகப் பிரியும் இடம் தெரிய வேண்டுமாம். மண்வெட்டி போடாமல் கையாலும் சின்னக் கொத்தாலும் எடுக்கச் சொன்னார். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு முழ ஆழத்தில் வேர் தெரிந்தது. புதைந்திருந்த பட்டை ஊறிப்போய்க் கறுத்திருந்தது.

கார்த்திகை மழையில் அக்காவின் ஓட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேம்பின் இளங்கொழுந்துகள் கருகி, நெருப்புப் பட்டது போல் நிற்கின்றன. தேயிலைக் கொசு என்கிற பூச்சி சாறு உறிஞ்சுவதால் வருவது, நுனிக்கருகல் என்கிற பூஞ்சை நோயும் சேர்ந்திருக்கலாம். பெரிய மரத்துக்கு மருந்து அடிக்க வேண்டாம், பெரும்பாலும் மாசி பங்குனியில் தானே துளிர்க்கும் என்று மர வைத்தியர் போனில் சொன்னார். பார்க்கலாம்.

நேற்றுக் காலை மாமரத்தின் தெற்குப் பக்கத்தில், மண்ணை எடுத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, மறுபடியும் புட்டு மாவு. ஸ்போக்கை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.