பதினாறாவது விளக்கு

"மெஷின் யோசிக்கிற மாதிரி தெரியணும் சார்" என்றுதான் கலை இயக்குநர் சொன்னார். குறும்படம் ஒன்று. 1960-களில் கற்பனை செய்த எதிர்காலம், விண்கலத்துக்குள் ஆளுயரக் கணினி. மரச்சட்டம், சாம்பல் நிறப் பெயின்ட், திருகினால் ஒன்றும் நடக்காத குமிழ்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நடுவில் எட்டுக்கு எட்டாக 64 விளக்குகள் மின்னும் பலகை மட்டும் என்னுடையது. பத்து நாள் அவகாசம். சர்க்யூட் போர்டு செய்வதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். நான் செய்வது எல்லாம் பெட்டிக்குள் போய் மூடிக்கொள்ளும், யார் கண்ணிலும் படாது. இது ஆட்களின் முகத்துக்கு நேரே நிற்கப்போகும் பொருள். அரை நாள் வேலை என்று நினைத்தேன்.

அரை நாளில் முடித்தும் விட்டேன். மேக்ஸ்7219 என்று ஒரு சிப் இருக்கிறது. அது ஒன்றே 64 எல்இடியையும் பார்த்துக்கொள்ளும், மின்னோட்டத்தை ஒரே ஒரு ரெசிஸ்டரில் அமைத்துவிடலாம். அர்டுயினோ என்ற, புரோகிராம் போடக்கூடிய சின்ன கன்ட்ரோல் போர்டிலிருந்து மூன்று சிக்னல் வயர், ரேண்டம் எண்களை வீசும் நாலு வரி புரோகிராம், அவ்வளவுதான். சிவப்பு விளக்குகள் கண்டபடி மின்னின. வீடியோ எடுத்து அனுப்பினேன். "நல்லா இருக்கு சார். ஆனா அலங்கார சீரியல் பல்பு மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது.

சுருக்கென்றுதான் இருந்தது. மறுபடி ஓடவிட்டுப் பார்த்தபோது மறுக்க முடியவில்லை. எல்லா விளக்கும் எந்நேரமும் துடித்தால், எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கிறது.

அப்புறம்தான் பழைய இயந்திரங்களின் படங்களைத் தேடி உட்கார்ந்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. 1946-ல் எனியாக் கணினியைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டியபோது, உள்ளே எரிந்த சின்ன நியான் விளக்குகள் எடுப்பாகத் தெரிவதற்காகப் பிங்பாங் பந்துகளைப் பாதியாக வெட்டி மேலே மாட்டியிருக்கிறார்கள். கணினி பிறந்த கையோடு அலங்காரமும் பிறந்துவிட்டது! அமெரிக்க வான் பாதுகாப்புக்காக ஐபிஎம் செய்த ஏஎன்/எஃப்எஸ்க்யூ-7 கணினியின் விளக்குப் பலகைகள், கழித்துப்போட்ட பிறகு பல பத்தாண்டுகள் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்திருக்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது 1991-ல் வந்த சிஎம்-5 என்ற சூப்பர் கம்ப்யூட்டர். அதன் சிவப்பு விளக்குகளுக்கு நிஜ நிலவரத்தைக் காட்டாமல் சும்மா அழகாக மின்னுவதற்கென்றே ஒரு முறை வைத்திருந்தார்கள். நிஜ மெஷினே நடித்திருக்கிறது. நான் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

ஆனால் 60-களின் பலகைகள் அப்படி இல்லை. ஒவ்வொரு விளக்கும் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1: எரிந்தால் 1, அணைந்தால் 0. எந்த முகவரியில் நிற்கிறது, கையில் என்ன எண் இருக்கிறது என்பதை அப்படியே காட்டியது. விளக்குகள் ஆடும் விதத்தைப் பார்த்தே புரோகிராம் எங்கோ சுற்றிச் சுற்றி மாட்டிக்கொண்டது என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்களாம். அதாவது விளக்குகள் மின்னியதற்குக் காரணம் இருந்தது. என் பலகையில் இல்லாதது அதுதான்.

எனவே ரேண்டத்தைத் தூக்கிவிட்டு, மேல் இரண்டு வரிசைக்கும் ஒரு நிஜ வேலை கொடுத்தேன். பதினாறு பிட் எண்ணி, அதாவது ஒன்று ஒன்றாக எண்ணிக்கொண்டே போகும் கவுண்டர், விநாடிக்கு 40 எண். இரண்டாம் வரிசையின் வலது ஓர விளக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு இடப்பக்கம் உள்ளது அதில் பாதி வேகம், அடுத்தது அதிலும் பாதி. அந்த வரிசையின் இடது ஓரத்துக்குப் போவதற்குள் ஒரு மாற்றத்துக்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகிவிடும். ஒரு பக்கம் பரபரப்பு, மறுபக்கம் நிதானம். நடு வரிசைகள் எப்போதாவது ஒரு முறை மாறி, அப்படியே நிற்கும். நடிகர் டாகிள் சுவிட்சைத் தட்டினால் எல்லாம் அரை விநாடி உறைந்து, பிறகு ஓடும். அந்த அரை விநாடியைப் பார்த்ததும் கலை இயக்குநர், "ஐயோ, இப்ப யோசிக்குது சார்" என்றார். விளக்கு எதுவுமே அசையாத நேரத்தில்!

கேமரா டெஸ்டில் அடுத்த அடி. சாதாரண ஷாட்டில் ஒரு குறையும் இல்லை. விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் எடுத்தபோது பலகை முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்தன. தப்பு சிப்பில் இல்லை, அதைத் தேர்ந்தெடுத்த என்னிடம். மேக்ஸ்7219 எட்டு வரிசையையும் ஒரே நேரத்தில் எரிய வைப்பதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, விநாடிக்குச் சுமார் 800 சுற்று. கண் ஏமாந்துவிடும். 480-ல் ஒரு பங்கு விநாடி மட்டும் திறந்து மூடும் ஷட்டர் ஏமாறாது. படத்தின் ஒரு பகுதியில் ஒரு துடிப்பு பதிகிறது, பக்கத்தில் இரண்டு பதிகிறது, அதுதான் பட்டை.

ஆறு நாள் போயிருந்தது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு 74எச்சி595 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப் எட்டு வாங்கினேன், ஒன்றுக்கு எட்டு விளக்கு. ஒவ்வொரு எல்இடிக்கும் தனிக் கால், தனி ரெசிஸ்டர், எரிந்தால் எரிந்தபடியே. கணக்கில் 330 ஓம் வந்தது. ஒரு விளக்குக்கு 9 மில்லிஆம்பியர், எட்டுக்கு 72. அந்தச் சிப் மொத்தமாகத் தாங்குவது 70. இரண்டு மில்லிஆம்பியர்தானே என்று விடுகிற ஆள் நான் இல்லை, இந்த விஷயத்திலாவது. 470 ஓம் போட்டேன், ஐம்பதில் நின்றது.

இரண்டு இரவு சால்டரிங். காலையில் சுவிட்சைப் போட்டால் எண்ணி இடமிருந்து வலமாக, தலைகீழாக ஓடுகிறது. எல்இடிகளைப் பலகையின் பின்னாலிருந்து பற்றவைத்திருந்தேன், பின்னால் இடது என்றால் முன்னால் வலது. இத்தனை வருடத்தில் இந்தத் தப்பைச் செய்யக் காரணம், என் வேலையை முன்னாலிருந்து பார்க்கும் ஆளே இதுவரை இருந்ததில்லை என்பதுதான். நல்லவேளை, அனுப்பும் பிட் வரிசையைத் திருப்பினால் போதும். புரோகிராமில் ஒரு சொல் மாறியது, ஒரு வயரையும் தொடவில்லை.

நடுவில் ஒரு வரிசை நீலம் வேண்டும் என்றார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் செய்ததே 1962-ல், பளிச்சென்ற நீலம் வந்தது 1990-களில், அதற்கு 2014-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள், ஆகவே முடியாது என்று ஒரு வகுப்பே எடுத்தேன். விட்டுவிட்டார்கள். அந்தக் காலப் பலகைகளில் பெரும்பாலும் இழை பல்பும் நியானும்தான் இருந்தன, என் சிவப்பு எல்இடியும் ஒழுங்காகப் பார்த்தால் தப்புதான் என்பதை நான் சொல்லவில்லை. பரிகாரமாகப் பலகைக்குக் கீழே நான்கு நிஜ இழை பல்புகளைப் பொருத்தினேன். அவை மெல்ல ஏறி மெல்ல அணையும். அந்தச் சோம்பல் எல்இடிக்கு வராது.

படப்பிடிப்பில் என் எண்ணிக்கு எதிர்பாராத ஓர் ஆதரவாளர் கிடைத்தார், கன்டினியூட்டி பார்க்கும் பெண். ரேண்டமாக இருந்தால் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் விளக்குகள் ஒத்துப்போகாது. இதில் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ரீசெட் அழுத்தினால் போதும், பூஜ்யத்திலிருந்து அதே ஆட்டம். "இது மட்டும்தான் இங்க சொன்ன பேச்சு கேக்குது" என்றார்.

ரீசெட் பழக்கத்தால் ஒன்று நடந்தது. மேல் வரிசையின் இடது ஓர விளக்கு, பதினாறாவது பிட், முதன்முறை எரிய 32,768 எண்ண வேண்டும். விநாடிக்கு 40 என்றால் 13 நிமிடம் 39 விநாடி. எந்த டேக்கும் நாலு நிமிடத்தைத் தாண்டவில்லை. அந்த விளக்குக்கும் மற்றவற்றைப் போலவே ஓட்டை போட்டு, ரெசிஸ்டர் வைத்து, பற்றவைத்திருந்தேன். ஷூட்டிங்கில் ஒரு முறைகூட எரியவில்லை.

கடைசி நாள் லைட்டிங்கில் ஏதோ தகராறு. எல்லோரும் வெளியே போய்விட்டார்கள், பலகையை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வரிசை மொத்தமும் எரிந்தது, மேல் வரிசையில் அந்த ஒன்றைத் தவிர எல்லாம் எரிந்தது. அடுத்த நொடி பதினைந்தும் அணைந்து, இடது மூலையில் அது மட்டும் எரிந்தது.

"அண்ணா, ஷாட் ரெடி" என்று உள்ளே வந்த உதவியாளர் பையன் ரீசெட்டை அழுத்தினான்.