ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்கள்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக 29 வயதில் கதிர்வீச்சு எடுத்தேன். உயிர் பிழைத்தேன், கருப்பையும் சினைப்பைகளும் பிழைக்கவில்லை. குழந்தை வேண்டுமென்றால் முட்டைக்கு ஒரு பெண், சுமக்க ஒரு பெண் என்று இருவர் தேவைப்பட்டார்கள்.

முட்டை கொடுத்தவரின் வயது, உயரம், ரத்தப் பிரிவு மட்டுமே எனக்குச் சொல்லப்பட்டது. முட்டைகள் வளர அவருக்கு 11 நாள் ஊசி, இடையிடையே ஸ்கேன், கடைசி ஊசி போட்டு 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுத்தார்கள். 12 முட்டைகள், 8 கருவாயின, 5-ஆம் நாள் வரை வளர்ந்தவை 3. போனில் இந்தக் கணக்கை நான் குறித்துக்கொண்டிருந்தபோது, "அவங்கதான் பாவம், வயிறு வீங்கி நாலு நாளா படுத்திருக்காங்க" என்றார் நர்ஸ். அதுவரை அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர் போடாமல் ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை.

வாடகைத் தாய் என்ற சொல் எனக்குப் பிடிக்காது. சுமந்தவர் என்றே சொல்கிறேன். இரண்டு குழந்தைகளின் தாய், பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். ஒப்பந்தத்தைப் பார்க்க அவருக்குத் தனி வழக்கறிஞர் இருந்தார். தன் உடம்புக்கான சிகிச்சையில் கடைசி முடிவு தன்னுடையதே என்ற வரியை அவர் கேட்டுச் சேர்த்தார். அன்று எனக்கு அது உறுத்தியது. இன்று இந்த வழியில் போகிறவர்களிடம் அந்த வரி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

முதல் முறை கரு தங்கவில்லை. "மன்னிச்சிருங்க அக்கா, நான் சரியா படுத்திருக்கலையோ" என்று அழுதார். படுத்தே கிடந்தால்தான் கரு ஒட்டும் என்றில்லை, பெரும்பாலும் குறை கருவின் குரோமோசோமில்தான் என்று மருத்துவர் விளக்கிய பிறகே தேறினார்.

இரண்டாம் முறை தங்கியது. மருந்து கொடுத்துக் கருப்பையைத் தயார் செய்ததால் கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்ட்ரோன் அவர் உடலில் தானாகச் சுரக்காது. நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்கும் வரை, கர்ப்பத்தின் 10-ஆவது வாரம் வரை, தினமும் இடுப்பில் எண்ணெய் ஊசி. தோலுக்கடியில் கட்டி கட்டியாகத் தடித்திருந்தது.

தினமும் போன் செய்து "பாப்பா அசையுதா?" என்பேன். ஏழாம் மாதத்தில் ஒருநாள், "நான் தூங்கினேனான்னும் கேளுங்கக்கா" என்றார். அதன்பின்தான் கால் வீக்கம், ராத்திரி பயம் எல்லாம் சொன்னார். 'பாப்பா எங்கே போகும்?' என்று அவர் சின்ன மகள் கேட்டாளாம். "பெரியம்மாவோட பாப்பா அது, பெரியம்மாவுக்கு வயிறு சரியில்ல, அதான் நான் வச்சிருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார்.

பிரசவமான மூன்றாம் நாள் அவருக்குப் பால் கட்டிக்கொண்டது. நான் உட்பட யாரும் இதற்கு முன்யோசனை செய்திருக்கவில்லை. குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மருத்துவரிடம் கேட்டு, குளிர்ந்த ஈரத்துணி மாற்றி மாற்றி வைத்து, வலி அடங்கும் வரை இரவு முழுக்க அவர் பக்கத்தில் இருந்தேன்.