கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று

“நான் எறிந்த பாஸ் எல்லாம் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். சொல்லுங்க கோச், என்எஃப்எல்லில் நான் தாக்குப்பிடிப்பேனா?”

நான் கோச் இல்லை, பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் வீடியோ அறையில் வேலை பார்ப்பவன். பையன்களுக்கு அங்கே எல்லாருமே கோச்தான். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முந்தைய குளிர்காலத்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவாட்டர்பேக் இப்படிக் கேட்டபோது, “உன் வீடியோ நல்லா இருக்கு” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவன் வீடியோவைப் பற்றியா கேட்டான்?

ஒவ்வொரு பிளேவுக்கும், அதாவது முன்பே வகுத்துவைத்த ஒவ்வொரு நகர்வுக்கும், முன் அவன் கோச்சுகள் நிற்கும் சைட்லைன் பக்கம் திரும்புவான். எதிரணித் தடுப்பு எப்படி நிற்கிறது என்பதைக் கோச்சுகளே பார்த்து, பிளேயை மாற்றி, சைகை காட்டிவிடுவார்கள். பந்து கைக்கு வந்ததும் அவன் முதலில் பார்க்கும் ரிசீவர், அதாவது பாஸைப் பிடிக்க ஓடுபவன், பெரும்பாலும் ஆளில்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருப்பான். மைதானமும் அதற்குத் தோது. பிளே தொடங்கப் பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லையான இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து ஹாஷில் இருந்தால் கல்லூரியில் அகலமான பக்கம் 100 அடி திறந்து கிடக்கும். என்எஃப்எல்லில் 89 அடிதான். கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் கேட்ச், அங்கே இரண்டும் பட வேண்டும். அங்கே ஹெல்மெட்டுக்குள் கேட்கும் கோச்சின் குரல்கூட, அடுத்த பிளேயைத் தொடங்கக் கெடு வைக்கும் பிளே கிளாக்கில் 15 நொடி இருக்கும்போது அறுந்துவிடும். அதற்குப் பிறகு தடுப்பைப் படிப்பது அவன் பாடு. எதிரே நிற்கும் பதினொரு பேரும் தேறி வந்தவர்கள். கல்லூரி ஆட்டங்கள் நடக்கும் சனிக்கிழமைகளில் அவன் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியோடு ஆட்டத்தை விட்டுவிடப் போகிறவர்கள்.

இதையெல்லாம் அன்றே அவனிடம் சொல்லியிருக்கலாமா? வீடியோவை வெட்டுவதும், தேடி எடுக்க வசதியாக டேக் போடுவதும்தான் என் வேலை. தலைமைக் கோச் ஜெயிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார், அந்த முறையில் ஜெயிக்கவும் செய்தார். அதை அவருடைய வீரனிடமே குறை சொல்ல எனக்கு என்ன உரிமை?

தவிர, நான் நினைப்பது சரிதானா என்பதே சந்தேகம். டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. சைமன்ஸ் என்ற குவாட்டர்பேக் 2003இல் ஒரே சீசனில் 5,833 யார்டு எறிந்தார். டிராஃப்டின் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டும் என்எஃப்எல் சீசன் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. கல்லூரி ஆட்ட முறைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே டெக்சஸ் டெக்கிலிருந்துதானே பேட்ரிக் மஹோம்ஸ் வந்தார்? என்எஃப்எல் அணியான கேன்சஸ் சிட்டி 2017இல் அவரை எடுத்து, அப்போதைய குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு வருடம் உட்காரவைத்தது. கடைசி ஆட்டத்தில் மட்டும் இறக்கியது. மறுவருடம் 50 டச்டவுன் பாஸ், சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது. அப்படியானால் எல்லாம் போய்ச்சேரும் அணியின் பொறுமையில்தான் இருக்கிறதா? எங்கள் பையனுக்கு அந்த ஒரு வருடம் கிடைக்கவில்லை. சீசனுக்கு முன் அணியை 53 பேராகக் குறைத்த நாளிலேயே அனுப்பிவிட்டார்கள்.

பிறகு போனில் பேசினான். “முதல் வாரமே, ‘சைட்லைனைப் பார்க்காதே’ன்னு கத்தினாங்க கோச்.” வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. தடுப்பைப் படிப்பது வருடக்கணக்கில் வருகிற பழக்கம், நான் சொல்லும் ஒரு வாக்கியத்தால் வந்துவிடாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதை நம்புகிறேன். ஆனாலும் அந்த மாதங்கள் முழுக்க அவன், வேகத்தை அளக்க அணிகள் பார்க்கும் 40 யார்டு ஓட்டத்தில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கவே பாடுபட்டான். அதில் பாதியையாவது ஒயிட்போர்டு முன்னால் செலவழித்திருப்பானே என்றும் தோன்றுகிறது.

இப்போது இருக்கும் குவாட்டர்பேக், முதல் ரிசீவரை விட்டு இரண்டாமவனைத் தேடி எறிந்த பாஸ்களுக்குத் தனி டேக் போட்டு வருகிறேன். யாரும் கேட்டுச் செய்வதில்லை. எண்ணிக்கை கொஞ்சம்தான். சீசன் நடுவில் காட்டினால் சனிக்கிழமை அவன் கை தயங்கும், அந்தத் தோல்வி அணி முழுவதற்கும் சேரும். ஆகவே கடைசி ஆட்டம் முடிந்ததும், அவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும், காட்டிவிடுவேன். கோச்சிடம் சொல்லிவிட்டா, சொல்லாமலா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.