லிலி எல்பே அத்தியாயம்: பாட்காஸ்ட் நாட்குறிப்பு

செப்டம்பர் 4, கோபன்ஹேகன்

ஸ்காண்டிநேவிய இலக்கியத்தைத் திருநர் நோக்கில் வாசிக்கும் எங்கள் துறை பாட்காஸ்ட்டில் அடுத்து லிலி எல்பே. தயாரிப்பு என் பொறுப்பு. 1882இல் டென்மார்க்கின் வைலே நகரில் பிறந்தவர், இயற்கைக்காட்சி ஓவியராகப் பெயர் எடுத்தவர், 1930இல் பெர்லினிலும் டிரெஸ்டனிலும் பெண்ணாக மாறுவதற்கான அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். இவ்வளவும் பலருக்குத் தெரியும். அவர் பெயரில் ஒரு புத்தகம் இருப்பதைத்தான் மறந்துவிடுகிறோம். அவர் இறந்த பிறகு, 1931 இறுதியில் டேனிஷ் மொழியில் வெளிவந்தது. கதை பாரிஸில் தொடங்குகிறது. மே 1க்குள் உதவ ஒரு மருத்துவரும் கிடைக்காவிட்டால் உயிரை விட்டுவிடுவதென்று நாள் குறித்துவிட்ட ஒருவரோடு தொடங்குகிறது.

செப்டம்பர் 7

இன்று முழுக்க ஒரே கேள்வி: இதில் எந்த வரி லிலியுடையது?

புத்தகத்தில் பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. ஓவியர் ஐனார் வேகனர், அதாவது லிலியின் முந்தைய பெயர், அங்கே ஆண்ட்ரியாஸ் ஸ்பாரே. மனைவி கெர்டா, கிரேத்தே. மருத்துவர்களுக்கும் வேறு பெயர்கள். தொகுப்பாசிரியர் நீல்ஸ் ஹோயர் என்பதே புனைபெயர்தான். எர்ன்ஸ்ட் ஹார்தெர்ன் என்ற பத்திரிகையாளர் அவர். லிலி விட்டுச்சென்றவற்றைக் கோத்து நூலாக்கியது அவர் கை. டேனிஷ், 1932 ஜெர்மன், 1933 ஆங்கிலப் பதிப்புகளை ஆய்வாளர்கள் இணையத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் படித்தால் மொழிக்கு மொழி லிலி கொஞ்சம் மாறுகிறார்.

ஆங்கிலப் பதிப்புக்கு நார்மன் ஹேர் என்ற மருத்துவரின் முன்னுரை. எங்கள் குழுவில் இருக்கும் திருநங்கைத் தோழி அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "நாங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர் வந்து சான்று சொல்லணும். இப்பவும் அப்படித்தான்." அத்தியாயத்தின் முதுகெலும்பு இதுதான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

செப்டம்பர் 9

13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்திய சாகாவில் (பழைய வீரக்கதையில்) வரும் ஹெர்வோரையும் சேர்க்கலாமா என்று பேச்சு. ஆண் உடையில், ஆண் பெயரில் கடலோடி, சாம்சோ தீவில் தந்தையின் சமாதி மேட்டிலிருந்து டிர்ஃபிங் வாளைக் கேட்டு வாங்கிய ஹெர்வோர். அருமையான பாத்திரம். ஆனால் லிலிக்கே நேரம் போதாது. இன்னொரு அத்தியாயத்துக்கு.

செப்டம்பர் 13

1931இல் இதே நாளில், கடைசி அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறாமல், டிரெஸ்டனில் லிலி இறந்தார். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் டென்மார்க் அரசர் லிலி, கெர்டா இருவரின் திருமணத்தைச் செல்லாததாக்கியிருந்தார்.

ஒலிப்பதிவில் பேச்சு சட்டத்துக்குப் போனது. பாலின மாற்றத்தை உலகில் முதலில் சட்டமாக்கிய நாடு ஸ்வீடன், 1972இல். அதே சட்டம் அதற்கு நிரந்தரக் கருத்தடையைக் கட்டாயமாக்கியது. அது நீங்க 2013 ஆயிற்று. அப்படிக் கருத்தடைக்கு ஆளானவர்களுக்கு ஆளுக்கு 225,000 குரோனர் இழப்பீடு தர 2018இல் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. மருத்துவர் சான்று இல்லாமல் சொந்த அறிவிப்பே போதும் என்று டென்மார்க் ஏற்றது 2014இல். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வந்தது. குரலில் தெரிகிறது. வெட்டப்போவதில்லை. தன் வாழ்க்கையை அதிகாரிக்குப் பிடித்த வடிவில் சொன்னால்தான் அடையாளம் கிடைக்கும் என்றால், அந்த நாட்களில் எழுதப்பட்ட ஒவ்வொரு தன்வரலாற்றையும் அந்த நெருக்கடியோடுதான் படிக்க வேண்டும்.

செப்டம்பர் 18

படத்தொகுப்பு போல ஒலித்தொகுப்பு. புத்தகத்தை வாசிக்க இரண்டு குரல்கள்: லிலியின் கடிதங்களாக வருபவற்றைத் தோழி வாசிக்கிறாள், தொகுப்பாசிரியரின் இணைப்புரையை நான். யாருடைய வரி என்று பிரிக்க முடியாத இடங்களில் இருவரும் சேர்ந்து. பின்னணி இசை கிடையாது. அறுவைச் சிகிச்சை விவரங்களை நீக்கிவிட்டோம். அவற்றை மட்டுமே தேடி வருபவர்களுக்கு வேறு இடங்கள் ஏராளம்.

செப்டம்பர் 23

அத்தியாயம் வெளியாகிவிட்டது. அடுத்தது கிரீன்லாந்து: நிவியாக் கோர்னெலியுசன் 2014இல் எழுதிய முதல் நாவல். நூக் நகரின் ஐந்து இளைஞர்கள், ஆளுக்கொரு பகுதி, தன்மையில். அதில் இவிக் தான் ஆண் என்பதை மெல்லக் கண்டுகொள்கிறான். முன்னுரை எழுத அங்கே மருத்துவர் எவரும் இல்லை. இவிக் பகுதியை வாசிக்க ஒரு திருநம்பியைக் கேட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறாராம்.