ஜோக் எங்கே, வீடியோ எங்கே?

ஸ்டாண்ட்-அப் காமெடியன் முனவர் ஃபாரூக்கி வழக்கை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். 2021 ஜனவரி 1, இந்தூரில் ஒரு கஃபே. இந்துக் கடவுள்களைக் கிண்டல் செய்தார் என்று ஒரு எம்.எல்.ஏ.வின் மகன் புகார் கொடுக்க, உடனே கைது. அன்று மேடையில் அப்படிப் பேசியதற்கு வீடியோ ஆதாரம் எதுவும் போலீஸிடம் இல்லை. உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. பிப்ரவரி 5-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. அதுவரை ஜெயில்.

போட்டது அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, மத உணர்வைப் புண்படுத்துவதற்கான பிரிவு. 1927-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அதன்படியே பார்த்தாலும் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு புண்படுத்தியிருக்க வேண்டும். அதை யார் பார்க்கிறார்கள்?

அவருடைய எல்லா ஜோக்கும் எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை. அப்புறம் நவம்பரில் பெங்களூரு நிகழ்ச்சியும் ரத்து. போலீஸ் சொன்ன காரணம்: சட்டம் ஒழுங்கு.